முன்மடல்

செவ்வாயின் நான்காம் குமிழ்க் குடியிருப்பில், அஞ்சல் விசாரணை அறையில் அன்று பிற்பகல் இருந்தவர்கள் ஐவர். மேசையின் தலைப்பக்கம் விசாரணை அலுவலர் இராசநாயகம். அவருக்கு வலப்புறம் செவ்வஞ்சல் நிறுவனத்தின் சார்பில் அற்புதராஜ். இடப்புறம் புகார் கொடுத்த செல்லக்கனி. காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவள், வயது நாற்பத்தொன்று. பூமிக்கு அஞ்சல்பையை அனுப்பும் சுரங்கக் கதவருகே எழுத்தர் ரூபி. செல்லக்கனிக்கு எதிர் நாற்காலியில் அவளுடைய அண்ணன் தங்கபாண்டி. உண்மையில் தங்கபாண்டி பூமியில், உடன்குடியில் இருந்தார். நாற்காலியில் இருந்தது அவரைப் போலப் பேசும் உள்ளங்கை அகலப் பெட்டி. சட்டப்படி அதுவும் ஒரு தரப்பு என்பதால் அதன் முன்னாலும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

“ஏட்டி கனி, சாப்பிட்டியா?” என்றது பெட்டி.

செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு சொல் போய்ச் சேரச் சில காலம் நான்கு நிமிடம் ஆகும், சில காலம் இருபத்திரண்டு. தொடக்கத்தில் நிறுவனம் மடலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. பதிலுக்குக் காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. அப்போது வந்ததுதான் முன்மடல். ஒருவர் அதுவரை எழுதியதையெல்லாம் படித்து, அவர் என்ன பதில் சொல்வார் என்று கணித்து, அந்தக் கணமே அவர் குரலில் சொல்லிவிடும் பொறி. கட்டணமும் கிடையாது. பேச்சுக்கு நடுவில் பெட்டியிலுள்ள அண்ணன் தாம் வாங்கிய தைலத்தையோ காலணியையோ கொஞ்சம் புகழ்வார், அவ்வளவுதான். விளம்பரக்காரர்கள் செய்தித்தாள்களைக் கைவிட்டு அண்ணன்மாரிடம் வந்து சேர்ந்தார்கள். பிழைத்த ஒன்றிரண்டு செய்தித்தாள்களும் நாளைய செய்தியை இன்றே கணித்து வெளியிட்டன. உண்மையான பதில் பின்னால் வந்தபோது ஒருவரும் அதைத் திறக்கவில்லை. திறக்காததை எதற்குச் சுமப்பது என்று ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நிறுவனம் உண்மையான மடல்கள் போய்வரும் தடத்தையே மூடிவிட்டது. ஒப்பந்தத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது இருந்தது. எல்லாரும் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தொட்டிருந்தார்கள்.

செல்லக்கனியின் நுரையீரலில் செவ்வாயின் தூசி படிந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் ஊர் திரும்பாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திரும்பும் கப்பலில் இடம் கிடைக்க, பூமியிலுள்ள உறவினர் ஒருவர் ஏற்புத்தாளில் கையெழுத்திட வேண்டும். அண்ணனிடம் கேட்டாள். போட்டாச்சு, கவலையை விடு என்று அண்ணன் உடனே சொன்னார். எட்டு மாதம் கழித்துக் கப்பல் அலுவலகத்தில் விசாரித்தால், அப்படியொரு தாளே வரவில்லை. உடன்குடித் தங்கபாண்டியோ, தங்கையைப் போலப் பேசும் இன்னொரு பெட்டியிடம் தினமும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். இவளுக்கு நோய் என்பதே அவருக்குத் தெரியாது.

அவளுக்கு இருமல் வந்தது. பெட்டி விழித்துக்கொண்டது. “என்னட்டி இப்படி இருமுத? நான் நாகமல்லித் தைலம்தான் தேய்க்கேன். ஒரே நாள்ல கேக்கும்.”

“அத அமத்துங்க சார்” என்றாள் செல்லக்கனி.

அற்புதராஜ் அமர்த்தினார். பிறகு தம் தரப்பைச் சொன்னார். பொறி தானாக எதையும் இட்டுக்கட்டாது; அவரவர் வழக்கத்தைத்தான் கணிக்கும். “பதினோரு வருசமா இவங்க அண்ணனுக்கு எழுதினதுல ‘முடியல’ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட இல்லீங்க. இல்லாதத எங்க பொறி எப்படிச் சொல்லும்?”

“என் கையால எழுத விடுங்க. அப்பத் தெரியும்” என்றாள் அவள்.

அவள் மனுவில் கேட்டிருந்ததும் அதுதான். நீதிமன்றக் காகிதங்கள் போகும் பை இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறைதான் பூமிக்குக் கிளம்பும். இன்று ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. அதில் ஒரு தாள் வைக்க இராசநாயகம் அனுமதித்தார். ஏழு மாதத்தில் அண்ணன் கைக்குப் போகும். அவர் கையெழுத்திட்டதும் அடுத்த கப்பலில் இடம். இதை விட்டால் அவளுக்கு வேறு பை இல்லை.

மணி நான்கு இருபது. இராசநாயகத்தின் முன்னால் மூடிய உறை ஒன்று கிடந்தது. காலையிலேயே அற்புதராஜ் கொடுத்தது. ஏதோ நிறுவனத்து ஆவணம் என்று நினைத்து அதை அவள் கவனிக்கவில்லை.

பேனாவை எடுத்தவள் பள்ளிக்கூடத்தில் படித்தபடி தொடங்கினாள். இங்கு நான் நலம். தாங்களும் மதினியும் நலமா என அறிய ஆவல். அங்கே கை நின்றது. நலம் என்று எழுதிவிட்டு நுரையீரலை எப்படி எழுதுவது? அண்ணனுக்கு நெஞ்சில் அறுவை நடந்தது நினைவுக்கு வந்தது. தன்னை இங்கே அனுப்ப அவர் விளை நிலத்தை விற்றதும் நினைவுக்கு வந்தது. பயந்துவிடுவாரே. அடித்து எழுதவும் மனம் வரவில்லை. கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள். பிறகு வேகமாக எழுதி முடித்துத் தாளை நீட்டினாள்.

இராசநாயகம் உறையைப் பிரித்து, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். வரிவரியாக ஒப்பிட்டுப் படித்தார். பிறகு இரண்டையும் அவள் பக்கம் திருப்பினார். அவள் லேசான இருமல் என்று எழுதியிருந்தாள்; காலையிலேயே அவள் கடிதத்தைக் கணித்து எழுதியிருந்த பொறி லேசான சளி என்றிருந்தது. மற்றதெல்லாம் ஒன்றுதான். ‘ஊருக்கு வர ஆசையாக இருக்கிறது. முடிந்தால் ஏற்புத்தாளில் ஒரு கையெழுத்து இடவும். அவசரமில்லை.’

பொறியின் கணிப்பு சரியென்று ஆகிவிட்டதால் புகார் தள்ளுபடி என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது, மெல்லச் சொன்னார்.

“இன்னும் மூணு நிமிசம் இருக்கு” என்றாள் ரூபி, கதவைப் பிடித்தபடி.

அற்புதராஜ் தம் பேனாவைச் செல்லக்கனி பக்கம் தள்ளினார். “மாத்தி எழுதுங்கம்மா. கேசுதான் முடிஞ்சிருச்சே. உள்ளத எழுதுங்க.”

செல்லக்கனி ‘அவசரமில்லை’யை அடித்தாள். மேலே ‘அவசரம்’ என்று எழுதினாள். அந்தச் சொல் அண்ணனை அதட்டுவது போல அவளுக்குப் பட்டது. முன்னால் ‘கொஞ்சம்’ என்று நுழைத்தாள். பின்னால் இடமிருந்தது. ‘ஆனாலும் தங்கள் வசதிப்படி’ என்று பொடி எழுத்தில் சேர்த்தாள்.

மூவரும் அதைப் படித்தார்கள். ஒருவரும் திருத்தச் சொல்லவில்லை. அடுத்தவர் கடிதத்தில் கைவைப்பது மரியாதையில்லை.

ரூபி தாளை மடித்து உறையில் இட்டு, ஒட்டி, முத்திரை குத்தினாள். மணி ஐந்துக்குச் சுரங்கக் கதவு திறந்து, பையை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.