கதவின் எடை

மதியம் 1.35.

பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் தங்கையின் முகத்தில் அடித்தது புகை. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கெல்லாம் அண்ணன் அதை நிறுத்திவிடுவது வழக்கம்.

"அண்ணா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓட்டுநர் கதவின் வெளிக் கைப்பிடியை இழுத்தாள். கதவு ஒரு தொல்லையும் தராமல் திறந்தது. உள்ளே ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக அண்ணன் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தான். அவன் மூடிய கைக்குள் ஒரு சிவப்பு நாடா இருந்தது.

கதவை உள்ளிருந்து திறப்பதற்காக அன்று காலை அவள் மாட்டிய நாடா. அது கதவோடு அல்லவா இருந்திருக்க வேண்டும்?

2.20.

இன்ஸ்பெக்டர் வந்தபோது உடலை எடுத்துச் சென்றிருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அது எங்கே என்று தேடும் பழக்கம் உள்ளவர். குற்றவாளிகள் அந்தத் தேடலைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள்.

"எனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது," என்றார் தங்கையிடம். "இந்தக் கதவைப் பத்தி முதல்லேருந்து சொல்லும்மா."

தங்கைக்கு அழுகை வரவில்லை. அந்தப் பட்டறையில் கதவு வேலை முழுக்க அவளுடையது.

"பந்தயக் காருக்கு எடை குறையணும் மேடம். அதனால கதவுல இருக்கிற எல்லாத்தையும் உருவிடுவோம். உள் அட்டை, ஸ்பீக்கர், கண்ணாடி, அதை ஏத்தி இறக்குற மோட்டார், பூட்டு ஒயர், எல்லாம் போயிடும். உள் தகட்டையும் வெட்டிடுவோம். கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் தகடு. அதை ரிவெட் அடிச்சுடுவோம், இறங்காது. சுத்தியலால அடிச்சாலும் உடையாது."

"உள்ளே இருக்கிறவர் எப்படித் திறப்பார்?"

"நாடாதான். ஒரு முனையில வளையம். அந்த வளையத்தை ஒரு இரும்புக் கொக்கியால பூட்டு நெம்புகோல்ல மாட்டுவேன். இழுத்தா திறக்கும்."

"கொக்கி எங்கே?"

தங்கை குனிந்து கதவின் அடியில் தேடினாள்.

"காணோம் மேடம். போட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா... போட்டேனா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியலை. நாடாவைச் சும்மா துளையில செருகிட்டுக் கொக்கியை மறந்துட்டேனோ என்னவோ. அண்ணன் இழுத்திருக்கான். கையோட வந்திருக்கு. நானே என் அண்ணனைக் கொன்னுட்டேன்."

இன்ஸ்பெக்டர் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. காரைச் சுற்றி வந்தார். மறுபக்கக் கதவு நான்கு போல்ட்டுகளால் நிரந்தரமாக இறுக்கப்பட்டிருந்தது. புகைக்குழாயின் வாயில் மாட்டி, சுவர்த் துளை வழியே புகையை வெளியே கொண்டுபோகும் ரப்பர் குழாய் கழன்று தரையில் கிடந்தது. இருக்கைக்குக் கீழே காரின் தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று. அதன் ரப்பர் மூடியையும் எடை என்று எடுத்துவிட்டார்களாம். அந்த வழியாகத்தான் எமன் ஏறியிருக்கிறான். புகை தலைக்கேறியவனுக்கு எஞ்சினை அணைக்கக்கூட நினைவு வந்திருக்காது.

திறந்திருந்த கதவின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தது: 9.840, காலை 11.50.

"இது?"

"கதவோட எடை, கிலோவுல. வேலை முடிஞ்சதும் நாடாவோட சேர்த்து நிறுத்து எழுதணும். இங்க அதுதான் சட்டம். அப்புறம்தான் கார்ல மாட்டுவோம்."

கதவின் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் குழாய் ஓடியது. இத்தனையையும் உருவியவர்கள் அதை மட்டும் விட்டிருந்தார்கள்.

"இதை ஏன் எடுக்கலை?"

"பக்கத்துல வேற கார் மோதினா ஆளைக் காப்பாத்துற குழாய் மேடம். போன வருஷம் எங்க டீம் பையன் ஒருத்தன் ஓட்டின கார்ல அதை எடுத்தோம், ரெண்டு கிலோ மிச்சம்னு. அண்ணன்தான் எடுக்கச் சொன்னான்." அவள் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். இருபது வயதுப் பையன், கக்கத்தில் ஹெல்மெட், வாய் நிறையச் சிரிப்பு. "பையன் போயிட்டான். இந்தத் தடவையும் அண்ணன் எடுன்னான். தலை போனாலும் எடுக்க மாட்டேன்னுட்டேன்."

2.50.

பட்டறையின் எடைப் பொறுப்பாளரை எல்லோரும் 'தராசு' என்றுதான் அழைத்தார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். அறுபது வயது. சட்டைப் பையில் பேனா, பென்சில், மடக்கு அளவுகோல். உட்காரச் சொன்னதும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"தினம் இப்படித்தானா?"

"தினமும்தான் மேடம். பன்னிரண்டு நாற்பதுக்குத் தம்பி கார்ல உக்காருவார். எஞ்சினை ஓட விட்டுக் கண்ணை மூடிக்குவார். மைதானத்தை மனசுக்குள்ளயே இருபது சுத்து சுத்துவார். அப்ப ஒரு ஈ உள்ளே வரக்கூடாது. நாங்க ஷட்டரை இறக்கிட்டுச் சாப்பிடப் போயிடுவோம்."

"கடைசியா வெளியே போனது?"

"நான்தான். தங்கச்சிப் பாப்பா பன்னிரண்டே காலுக்குப் போயிடுச்சு. நான் தம்பிக்குப் பெல்ட்டை இறுக்கி விட்டு, ரப்பர் குழாயை மாட்டிட்டுக் கிளம்பினேன். எஞ்சின் அதிர்வுல அது கழண்டிருக்கணும்."

"அப்புறம்?"

"சாப்பாட்டுக் கடை. கை கழுவினதும் எடைப் பட்டியலைப் பந்தய ஆபீசுக்கு அனுப்பினேன். ரெண்டு மணி கெடு. ஒண்ணு பத்துக்கே அனுப்பிட்டேன்." கைப்பேசியைத் திறந்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முன் மூடி 6.210. பின் மூடி 4.375. ஓட்டுநர் கதவு 9.800. மறு கதவு 8.965. இப்படி நாற்பது வரிகள்.

"அப்பா! இவ்வளவு சுத்தமா? ஒண்ணு ரெண்டு கிராம் முன்னே பின்னே போட மாட்டீங்களா?"

தராசின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனது.

"முப்பது வருஷத்துல ஒரு கிராம் தப்பா எழுதினதில்ல மேடம். கை கூசும்."

"அந்தப் பொண்ணு கொக்கியை மறந்திருப்பான்னு நினைக்கிறீங்களா?"

அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேலைக்காரி. என்ன செய்ய, யானைக்கும் அடி சறுக்கும்."

3.15.

மூன்றாமவன் 'ஒல்லி'. இரண்டாவது ஓட்டுநர். முதல் ஓட்டுநர் இருக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிப்பதுதான் இவன் வேலை.

"காலைல என்ன சண்டை?"

"இந்தத் தடவையாவது என்னை ஓட்ட விடுங்கன்னு கேட்டேன். 'கனவுல ஓட்டு, பெட்ரோல் மிச்சம்'னார். கோவம் வந்துச்சு, கிளம்பிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு."

"ஒன்றரை வரைக்கும் எங்கே?"

"பஸ் ஸ்டாப்ல."

"யாராவது பார்த்தாங்களா?"

"பஸ்ஸுல போனவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க மேடம். அவங்களை எங்க போய்த் தேட?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவர் செத்ததும் முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இனி சீட்டு எனக்குன்னு. என்னை நானே செருப்பால அடிக்கணும்," என்றான்.

வெளியே வந்ததும் கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தினார். "குழாய் கழண்டது ஒரு விபத்து, கொக்கி இல்லாதது ஒரு கவனக்குறைவு. பட்ட காலிலேயே படும்னு சொல்வாங்களே மேடம். அந்தப் பொண்ணு மேல கவனக்குறைவு வழக்குப் போட்டுடலாமா?"

"படும்யா. அரை மணி நேரத்துக்குள்ள, யாரும் பார்க்காத நேரமாப் பார்த்து ரெண்டு தடவை படுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கதவைக் கழட்டச் சொல்லு."

3.40.

பட்டறையின் நடுவில் எடை மேடை. அதைச் சுற்றி மூவரும் நின்றார்கள். எஞ்சின் ஆறியிருந்தும் புகை வாடை போகவில்லை. ஒல்லியும் கான்ஸ்டபிளும் கதவைத் தூக்கி வைத்தார்கள். இறந்தவனின் கையிலிருந்து எடுத்த சிவப்பு நாடாவை உறையோடு கொண்டுவந்து, உறையைப் பிரித்து, இடுக்கியால் கதவின் மேல் வைத்தார் இன்ஸ்பெக்டர்.

எண்கள் ஓடி நின்றன.

9.800.

தங்கை திரையைப் பார்த்தாள். பிறகு கதவு விளிம்பில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"நாற்பது கிராம் குறையுது," என்றாள்.

"உங்க கொக்கி எவ்வளவு எடை?"

"நாற்பது கிராம். மேடம், அப்படின்னா..."

"காலைல பதினொன்று ஐம்பதுக்கு இந்தக் கதவு எடை மேடைல ஏறினப்போ கொக்கி அதுல இருந்திருக்கு. நீ மறக்கலைம்மா. அதுக்கப்புறம் யாரோ கழட்டியிருக்காங்க. கழட்டிட்டு, பார்க்கிறவங்களுக்குத் தெரியாம நாடாவைத் துளையில செருகியிருக்காங்க."

ஒல்லியின் முகம் வெளுத்தது. "நான் இல்ல மேடம்! சத்தியமா..."

"நீ இல்லப்பா. உனக்கு இந்தக் காரோட மொத்த எடை தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? அதெல்லாம் தராசு மாமா கணக்கு."

"அதேதான்." இன்ஸ்பெக்டர் தராசின் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு பத்துக்கு நீங்க அனுப்பின பட்டியல்ல ஓட்டுநர் கதவு எவ்வளவு?"

தராசு சட்டைப் பையின் பேனாவை எடுத்து, திரும்பவும் செருகினார்.

"நான் சொல்றேன். 9.800. கதவுல எழுதியிருக்கிறது 9.840. ஊர் முழுக்க அந்த எண்ணைத்தான் பார்த்திருக்கு. அதைப் பார்த்து எழுதியிருந்தா நாற்பதும் சேர்ந்து வந்திருக்கும். ஒண்ணு பத்துக்கு உடம்பையே யாரும் பார்க்கலை. கொக்கி இல்லைங்கிறது அப்ப உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். கழட்டினவருக்கு."

"ரவுண்டா உருட்டி எழுதியிருப்பேன்," என்றார் தராசு. குரலில் பலமில்லை.

"மறு கதவை 8.965ன்னு எழுதின கை, இதை மட்டும் உருட்டுமா? கை கூசும்னு நீங்கதானே சொன்னீங்க?" இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "பெல்ட்டை இறுக்கி விட்டீங்க. கொக்கியைக் கழட்டினீங்க. கதவைச் சாத்தினீங்க. குழாயை உருவிட்டு ஷட்டரை இறக்கினீங்க. எல்லாம் செஞ்ச பிறகு பட்டியல் எழுத உக்காந்தீங்க. அங்க 9.840ன்னு போட்டா அது பொய். அந்த ஒரு பொய்யை மட்டும் உங்களால எழுத முடியலை."

எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தராசு மெல்லத் திரும்பினார். வந்ததிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சுவரை, அதில் சிரித்துக்கொண்டிருந்த பையனை, இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என் மகன்," என்றார். "ஒரே மகன். ரெண்டு கிலோ மிச்சம்னு அந்தக் குழாயை எடுக்கச் சொன்னான் இந்தப் பொண்ணோட அண்ணன். நானும் நிறுத்து எழுதிக் கொடுத்தேன். மூணாவது சுத்துல பக்கத்துல ஒருத்தன் மோதினான். கதவு காகிதமாட்டம் மடங்கிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பந்தயம்னா இதெல்லாம் சகஜம் மாமா'ன்னான். அந்தச் சொல்லை மட்டும் என்னால எறக்கி வைக்க முடியலை மேடம். ஒரு வருஷம் சுமந்தேன். நேத்து வந்து, இந்தக் கதவுலயும் அதே குழாயை எடுன்னு இந்தப் பொண்ணோட மல்லுக்கு நின்னான். அவனுக்கு எதுவுமே உறைக்கலைன்னு அப்பதான் தெரிஞ்சுது."

அவர் சட்டைப் பையிலிருந்து கொக்கியை எடுத்து மேசையில் வைத்தார். அதைத் தூக்கி எறிய அவருக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எறியவில்லை.

"உன் மேல பழி விழும்னு நினைக்கலை பாப்பா. விபத்துன்னு விட்டுடுவாங்கன்னு..."

"வேற யார் மேல விழும் மாமா?" தங்கை சத்தம் போடவில்லை. அதனால்தான் அவர் தலை குனிந்தார். "கதவு என்னோடது. உங்க பையன் போனப்போ ராத்திரி பகலா அழுதுட்டு, இந்தக் குழாயை விட மாட்டேன்னு அண்ணன்கிட்ட சண்டை போட்டவ நான். ஆயுசுக்கும் நானே கொன்னேன்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்திருப்பேன். யானைக்கும் அடி சறுக்கும்னு நீங்களும் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லியிருப்பீங்க, இல்லையா?"

கான்ஸ்டபிள் அவர் தோளைத் தொட்டார். ஷட்டர்வரை நடந்த தராசு, வாசலில் நின்று எடை மேடையின் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பழக்கம்.

4.25.

இன்ஸ்பெக்டர் கொக்கியை உறையில் போடப்போனார். தங்கை கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்."

என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இடுக்கியால் கொக்கியைப் பிடித்து, மேடையில் கிடந்த கதவின் மேல், நாடாவின் வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

எண்கள் ஓடின. 9.840 என்று நின்றன.

"போட்டிருக்கேன்," என்றாள் தங்கை. இன்னொரு முறை, இந்த முறை அண்ணனிடம் சொல்வதைப் போல, "கொக்கியைப் போட்டுத்தான் இருந்தேன்," என்றாள். பிறகு அந்த வெறும் கதவின் மேல் கவிழ்ந்து, அன்று முதல் முறையாக அழுதாள்.