முழங்கை மடிப்பில் மஞ்சள் தடம்

காலை 7.10. தென் கொரியாவின் மோக்போ துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், பதினேழு வயது யுன்சே சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் போராடியும் உயிர் தங்கவில்லை.

9.30க்குள் சியோலிலிருந்து புகார் வந்துவிட்டது. அவளைப் பாடகியாக்கப் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் இயக்குநர் மா தேஹூன் போனில் பேசினார்.

"திருப்பி அனுப்ப மாட்டேன்னு அவ அம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க மேடம். ஏதாவது கொடுத்திருப்பாங்க."

இன்ஸ்பெக்டர் ஒக் மியோங்ஜு போனை வைத்தாள். பிணம் ஆறுமுன் பழி போட வந்துவிட்டான் என்று எரிச்சல் மூண்டது.

தாய் கும்ரான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"புத்தாண்டு லீவுக்கு வந்து மூணு நாள் ஆச்சுங்க. அரிசி வட்டு சூப்பு, விலாக்கறி, எல்லாம் செஞ்சேன். வேண்டாம் வேண்டாம்னா. நாந்தான் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"அதே பாத்திரத்துல. அவ அப்பாவும்."

சார்ஜென்ட் கூ காதோரம் கிசுகிசுத்தார். "சாப்பாட்டுல விஷம் இல்ல மேடம். ஆனா பொண்ணு முழங்கை மடிப்புல ஊசித் தடம் இருக்கு. அம்மாவை உள்ள வச்சுடலாமா?"

"கொஞ்சம் பொறுய்யா."

11.45. பிணவறை. எடை முப்பத்துநாலு கிலோ. கைகளில் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி. வாந்தி எடுத்து எடுத்துப் பற்களின் உட்புறம் கரைந்திருந்தது. ஊசித் தடத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கன்றல்.

"இதயம் சுருங்கிப் போச்சு, மூளையும்தான்" என்றார் டாக்டர். "பட்டினி கிடந்த மூளை சோத்தையே எதிரியா பாக்கும். இதயம் துடிக்கத் தேவையான பாஸ்பேட் உப்பு ரத்தத்துல அநேகமா இல்லவே இல்ல."

"கன்றலுக்கு எத்தனை நாள் இருக்கும்?"

"இந்த நிறத்துக்கு ஒரு வாரம் இருக்கலாம்."

மியோங்ஜு சார்ஜென்டிடம் திரும்பினாள். "சியோல்ல அந்த நிறுவனம் அவளைத் தங்க வச்ச விடுதிக்குப் பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்கெல்லாம் போன் போடு."

மாலை 4.00. மா தேஹூன் துக்கத்துக்கான கறுப்புக் கோட்டில் ஸ்டேஷனுக்கு வந்து அமர்ந்தார்.

"அவளை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே ஆடிக்கிட்டிருந்தா."

"வீட்டுக்கு வந்து மூணே நாள். ஊசி குத்தி ஒரு வாரம். அப்ப அவ உங்க விடுதியில இருந்தா." அவள் ஒரு காகிதத்தை மேசையில் அறைந்தாள். "ஆடும்போது மயங்கி விழுந்தவளைக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனது நீங்க. அந்த ஊசி அங்க ரத்தம் எடுக்கக் குத்தினது. டாக்டர் எழுதினதைப் படிக்கிறேன். 'நாடி முப்பத்தெட்டு. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும். உணவு சிறிது சிறிதாக, ரத்தம் சோதித்தபடி மட்டுமே. திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் இதயம் நின்றுவிடும். வீட்டாரிடம் சொல்லவும்.' கீழே, இதை வாங்கிக்கிட்டதா போட்ட கையெழுத்து உங்களோடது!"

மா காகிதத்தைத் தள்ளிவிட்டார். "சாப்பாடு போட்டது அவ அம்மா. நான் இல்ல."

"காஞ்சு கிடந்த உடம்புல திடீர்னு சோறு விழுந்தா, ரத்தத்துல மிச்சம் மீதி இருக்கிற உப்பையும் அது உறிஞ்சி, இதயத்தை நிறுத்திடும்யா. அது தெரிஞ்சே, உன் கட்டடத்துல சாகக் கூடாதுன்னு ரயிலேத்தி விட்டே. கொலைகாரன் நீ!"

வாசலில் கும்ரான் நின்றிருந்ததை மியோங்ஜு அப்போதுதான் பார்த்தாள். எல்லாம் அந்தத் தாயின் காதில் விழுந்திருந்தது. கும்ரான் மெல்ல வந்து மாவின் எதிரே நின்றாள்.

"ஒரு போன் பண்ணியிருந்தா, நான் கஞ்சித் தண்ணியில ஆரம்பிச்சிருப்பேனே ஐயா?"

மா தேஹூன் சார்ஜென்ட் பக்கம் திரும்பினார்.

"என் வக்கீல் வரட்டும்" என்றார்.