சனிக்கிழமை டப்பா

"அதக் கொஞ்சம் கீழ வைங்க..."

"எத?"

"உங்க கையில இருக்கே, தண்டவாளம்... அது இந்த ரயிலோட சேர்ந்தது."

"அப்படியா? அந்த ரயில் இந்தத் தண்டவாளத்தோட சேர்ந்ததுன்னும் சொல்லலாமே!"

வினோதா நிமிர்ந்து பார்த்தாள். குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றான் ஒருவன். நெற்றியில் ஒட்டிய முடி... உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். கண்களில் அடக்கத் தெரியவில்லை.

ஹட்டன் கடைத்தெருவில், நடைபாதையில் விரித்த நீலப் படங்கின் மேல் வெளிநாட்டுப் பழைய பொம்மைகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலை அரை மணி நேரம் கிளறி, சிவப்பு எஞ்சினையும் இரண்டு பெட்டிகளையும் அவள் தேடி எடுத்திருந்தாள். ஆறு வயது மகன் நிரோஷன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனித் தண்டவாளம் மட்டும்தான் பாக்கி. அது இந்த ஆளின் கையில்!

"முதல்ல பார்த்தது நான்."

"பார்த்தது நீங்க. எடுத்தது நான்."

"ரயில் இல்லாத தண்டவாளத்த வச்சி என்ன செய்வீங்க?"

"தண்டவாளம் இல்லாத ரயில வச்சி நீங்க என்ன செய்வீங்களோ, அதத்தான்."

"நோனா, மாத்தயா..." என்று சிங்கள வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார். "யாராச்சும் ஒராள் ரெண்டையும் எடுங்க. மழை வலுக்குது."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் ரயிலோடு போனாள். அவன் தண்டவாளத்தோடு போனான். 'என்ன திமிர்!' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள் வினோதா. ஆனால் அந்தக் கண்கள்... சீ, அது எதற்கு இப்போது?

ஹட்டன் ஸ்டேஷனில் வட்டகொடை ரயிலுக்குக் காத்திருந்தபோது, பெஞ்சின் விளிம்பில் எஞ்சினைத் தள்ளி விளையாடிய நிரோஷன் பெரிய மனிதன் போலச் சொன்னான்.

"தண்டவாளம் இல்லாட்டிப் பரவாயில்லம்மா. நம்ம வட்டகொடை ஸ்டேஷன்ல நெறைய இருக்கே!"

பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அவனேதான். எதிர்ப்பக்கம் போகும் வட்டவளை ரயிலுக்குக் காத்திருந்தவன் எழுந்து வந்தான். பையிலிருந்து பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்தான். தண்டவாளத் துண்டுகளை அதற்குள் அடுக்கி நிரோஷனிடம் நீட்டினான்.

"வேணாங்க. நாங்க யாருகிட்டயும் சும்மா எதையும் வாங்குறதில்ல."

"சும்மா இல்ல. டப்பா எங்க அம்மாவோடது. தொலைச்சா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்துறணும்."

"உங்க புள்ளைக்கு?"

"மக கேட்டது பொம்மை அடுப்பு. தண்டவாளம்... நானே ஆசைப்பட்டு எடுத்தது."

"அப்ப எதுக்கு அவ்வளவு சண்டை?"

"நீங்க கேட்ட விதம் அப்படி!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு வருடங்களுக்குப் பிறகு, வெளியாள் முன்னால் வந்த சிரிப்பு அது.

அவன் பெயர் திலக்ஷன். கடைத்தெருவில் ரேடியோவும் ரைஸ் குக்கரும் திருத்தும் சின்னக் கடை. மனைவி இறந்து மூன்று வருடம். ஐந்து வயது மகள் டிலுக்ஷி, தாய் வேலாயி, அவன் என்று மூவரே உள்ள வீடு.

வினோதாவின் வீட்டிலும் மூவர்தான். கணவன் காய்ச்சலில் போன பிறகும் அவள் மாமனார் வீட்டிலேயே இருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாமனார் நல்லமுத்து, ஓய்வுபெற்ற கங்காணி. எழுபது வயதிலும் வளையாத முதுகு. மகன் போன அன்று, "நீ எங்கேயும் போக வேணாம். இது உன் வீடு" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் வாழ்ந்தாள். அவர் தலை குனியும்படி எதையும் செய்வதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளை.

அடுத்த சனிக்கிழமை, கழுவித் துடைத்த டப்பாவை அவள் பைக்குள் வைத்தபோது நல்லமுத்து தடுத்தார்.

"வெறுமனேயா கொண்டு போற?"

"டப்பாதானே மாமா..."

"நல்லமுத்து கங்காணி வீட்டுல இருந்து ஒரு ஏனம் வெறுமனே திரும்பிப் போச்சுன்னு இந்தத் தோட்டத்துல யாராச்சும் சொல்லியிருக்காங்களா? முறுக்கு இருக்குல்ல, அத வை."

அவர் சொன்னதில் தவறில்லை. வந்த பாத்திரத்தை நிறைத்து அனுப்பும் வீட்டைத்தான் ஊர் மதிக்கும்.

ஆனால் வட்டவளையிலும் அப்படி ஒரு வீடு இருந்தது.

"கங்காணி வீட்டு முறுக்குக்கு நாம என்ன கொறஞ்சவங்களா?" என்று வேலாயி அதே டப்பாவில் தேங்காய்ப்பால் தொதல் அடைத்து அனுப்பினாள். தொதலுக்குப் பதிலாக இங்கிருந்து அதிரசம் போனது. அதிரசத்துக்குப் பதிலாக அங்கிருந்து மொறுமொறுப்பான கொக்கிஸ் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இரண்டு பெரியவர்களும் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துச் சண்டை போட்டார்கள். சண்டையின் நடுவே ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு பேர் சனிக்கிழமைதோறும் பேசிக்கொண்டிருந்தார்கள்...

"இங்க பாருங்க! உடைஞ்ச பிஸ்கட், பெரிய பக்கெட். முழு பிஸ்கட்ல பாதி விலை."

"உடைஞ்சாத்தான் என்ன, வாயில போட்டா எல்லாம் ஒன்னுதானே. எங்க வாங்குனீங்க?"

"சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு முன்னாடி போய் நிப்பீங்க."

"சரி, இதப் பாருங்க. மழைக்கோட்டு. தொப்பியில பூனைக் காது! உங்க டிலுக்ஷிக்கு."

"ஐயோ... இத எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"குவியலுக்கு அடியில இருந்துச்சு. நல்லது எப்பவும் அடியிலதான் கெடக்கும்."

அவன் பூனைக் காதைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி மேடை முழுவதும் பரவியது. எதிரில் இருந்தவர்கள் எல்லாம் மறைந்து, அவன் கண்கள் மட்டும் தெரிவதுபோல் அவளுக்கு இருந்தது...

ஏழாவது வாரம், தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு ராக்காயி கேட்டாள்.

"என்ன கங்காணியாரே, சனிக்கிழமையானா உங்க மருமக டப்பாவோட கிளம்பிருது? யாருக்காம்?"

நல்லமுத்து வீட்டுக்கு வந்து டப்பா நிறைய எள்ளுருண்டை அடுக்கினார். மூடியை அழுத்தி மூடினார்.

"அம்மாடி, இதக் கொடுத்துட்டு, இதோட போதும்னு சொல்லிரு."

"மாமா..."

"உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ரயில் மேடையில வளர்ற பழக்கத்துக்கு மரியாதை இல்ல."

அவள் எள்ளுருண்டை டப்பாவோடு கிளம்பினாள். அன்று பெஞ்சில் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"மாமா... இதோட போதும்னு சொல்லச் சொன்னாங்க."

திலக்ஷன் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு எப்போதும் போல டப்பாக்களை மாற்றிக்கொண்டான். வேலாயியிடம் ஐஸ்கிரீம் டப்பாவுக்கா பஞ்சம்? அவன் கொண்டு வந்திருந்த டப்பா நிரோஷன் மடிக்குப் போனது.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே என் பதில் இதுக்குள்ள இருக்கு. உங்க மாமாவையே திறக்கச் சொல்லுங்க."

"என்ன பதில்?"

"ரயில் வந்துருச்சு. ஏறுங்க."

கொட்டகலை வந்தது, தலவாக்கலை வந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலைகள் பச்சையாய்ச் சுழன்றன. வினோதா எதையும் பார்க்கவில்லை. 'என்ன பதிலாக இருக்கும்... கோபமா? வருத்தமா? இல்லை...' கன்னத்தில் விழுந்த சாரலைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வீட்டில் நல்லமுத்து டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்தது போல் இருந்தது.

"பார்த்தியா?" என்றார், நிதானமாக. "போதும்னோம். சரின்னுட்டாரு. வெறும் டப்பா அனுப்பித்தான் சொல்லணுமா?"

வினோதா அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் இல்லாமலே கண் எரிந்தது. 'பதில் இதுக்குள்ள இருக்குன்னு சொன்னாரே... இதுதானா?'

அடுத்த சனிக்கிழமை பிஸ்கட் வாங்க என்று கிளம்பினாள். வட்டகொடை ஸ்டேஷன் வரை போனாள். ரயில் வந்து நின்றது. ஏறாமல் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கும் ரோஷம் இருந்தது!

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, நல்லமுத்து அந்த டப்பாவைத் தானே கழுவினார்.

"ஹட்டனுக்குப் போற யாருகிட்டயாச்சும் கொடுத்துவிடு. வெறுமனே வந்தது வெறுமனேயே போகட்டும்."

தன் வாழ்நாளில் முதல் முறையாக அப்படிச் சொன்னார். மூலையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த நிரோஷன் திடீரென்று விம்மினான்.

"வெறுமனே வரல தாத்தா..."

"என்னடா?"

"கேக் இருந்துச்சு. நான்தான்... தின்னுட்டேன். கொஞ்சமாத்தான் தின்னேன். அப்புறம்... முடிஞ்சிருச்சு."

"அடப் பாவி!" என்றாள் வினோதா.

"மேல சீனியில எழுதியிருந்துச்சு. எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டுத்தான் தின்னேன்."

"என்னடா எழுதியிருந்துச்சு?"

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்றான். "ஐயா... வீட்டுக்கு... வரலாமா. கேள்விக்குறியத்தான் முதல்ல தின்னேன். கொக்கி மாதிரி இருந்துச்சு."

நல்லமுத்து டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஐயான்னா எழுதியிருந்துச்சு?"

"ஆமா தாத்தா. முதல்ல ஐயா."

ரயில் மேடையில் வளரும் பழக்கத்துக்கு மரியாதை இல்லை என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதன் மரியாதையாக, முறைப்படி, அவரிடமே அனுமதி கேட்டிருக்கிறான். கேட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் போகவில்லை.

"வரலாமான்னு கேட்ட மனுசனுக்குப் பதில் சொல்லாத வீடா நம்ம வீடு!" அவர் குடையைக் கையில் எடுத்தார். "என் கோட்ட எடு புள்ள. நீயும் கிளம்பு. டேய், நீயும்தான். தின்ன வாயாலயே சொல்லணும்."

திலக்ஷனின் கடையில் ஒரு ரைஸ் குக்கர் வயிற்றைத் திறந்து கிடந்தது. வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, மடக்கிய குடையோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு அவன் பதறி எழுந்தான். அவருக்குப் பின்னால் வினோதா. அவளுக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து நிரோஷன்.

"தம்பி, நான் நல்லமுத்து. வட்டகொடை."

"தெரியும் ஐயா. முறுக்கு..." என்று உளறினான்.

"எங்க வீட்டுக்கு வரலாமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு வாரமா பதில் இல்ல. உங்க கேள்விய எங்க வீட்டுப் புள்ள தின்னுட்டான். அது தெரியாம உங்களத் தப்பா நெனச்சிட்டேன். தப்பு எங்களோடது."

எழுபது வயது மனிதர் அவ்வளவு நேராக நின்று மன்னிப்புக் கேட்பதைத் திலக்ஷன் அதுவரை பார்த்ததில்லை.

"ஐயா, அப்படியெல்லாம்..."

"இருங்க, முடிச்சிர்றேன். நாளைக்கு ஞாயிறு. உங்க அம்மாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. வாசல்ல நான் நிப்பேன். வினோதா மனசுல என்ன இருக்குன்னு நான் கேக்கல. அது நான் கேக்குறது முறையில்ல. நீங்களே கேளுங்க."

பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். குடையை விரித்து, கடைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

தகரக் கூரையில் மழை பொழிந்தது. உள்ளே இரண்டு பேரும் ரைஸ் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வாரமா நீங்க வரல," என்றான் மெதுவாக. "கேள்வியே புடிக்கலன்னு நெனச்சேன். கடைக்கு வந்த சாமான் எல்லாத்தையும் தப்புத் தப்பாத் திருத்தினேன். ஒரு ரேடியோ, சுவிட்ச அணைச்சாலும் நிக்கவே மாட்டேங்குது."

"நான் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

"ஏன்?"

"நீங்க சரின்னுட்டீங்கன்னு நெனச்சேன். போதும்னு சொன்னதுக்கு..."

"அது எப்படிங்க போதும்?"

அவள் விரல்கள் முந்தானையைச் சுருட்டின. "நான் ஒன்னு சொல்லணும். முன்னாடியே சொல்லிர்றேன். மாமாவத் தனியா விட்டுட்டு நான் எங்கேயும் வர மாட்டேன்."

"மூணு பேரும் எங்க வீட்டுக்கு வாங்கன்னுதான் எழுத நெனச்சேன். கேக்குல இடம் பத்தல."

சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "மாமா வர மாட்டாங்க. ரோஷக்காரங்க."

"எங்க அம்மா மட்டும் என்னவாம்? ஏழு வாரம் தூரத்துல இருந்தே சண்டை போட்டவங்க ரெண்டு பேரும். பக்கத்துல வச்சிப் பாப்போம். அத என்கிட்ட விடுங்க." அவன் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு வரட்டுமா?"

"மாமாதான் வாங்கன்னு சொல்லிட்டாங்களே."

"மாமா சொன்னாங்க. நீங்க?"

ஏழு வாரமாக அந்தக் கண்களைப் பாதி பார்த்து, பாதியில் தலை குனிந்தே பழகியவள் அவள். இன்று குனியவில்லை. வெளியே நிமிர்ந்து நின்ற அந்த முதுகை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "ஊருக்காக இல்ல, புள்ளைக்காக இல்ல... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அதுக்காக வாங்க."