கடைசி போல்ட்

ஷட்டருக்கு வெளியே குடையை மடக்கும்போதே யூயிங்குக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. சந்திரப் புத்தாண்டின் மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணி. பட்டறை ஊரான ஷென்காங்கில் ஒரு பட்டறையும் திறந்திருக்கவில்லை. தூறல் தகரக் கூரைகளின்மேல் மணலை அள்ளிப் போட்டதுபோல் விழுந்துகொண்டிருந்தது. எதிர் வாசலில் யாரோ எரித்த படையல் காகிதத்தின் சாம்பல் நனைந்து கருகல் வாடையாகத் தெரு முழுக்கப் படிந்திருந்தது. உள்ளே இயந்திரங்கள் ஓடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவை விடுமுறை பார்ப்பதில்லை, விளக்கும் கேட்பதில்லை. அவளை நிறுத்தியது ஸ்பேனர் சத்தம்.

இரண்டு சுற்று. ஒரு நிறுத்தம். அரைச்சுற்று பின்னால். பிறகு ஒரே இறுக்கு.

அவள்தான் அப்படி முடுக்குவாள். இந்தப் பட்டறையில் இயந்திரங்களே இயந்திரங்களைச் செய்தன. சட்டம், பல்சக்கரம், மோட்டார், தூக்கி மாட்டும் கை என எல்லாவற்றையும் அவையே செய்துகொள்ளும். பின்தகட்டுக்குள் ஒயரை வளைத்துச் செருகிக் கடைசி போல்ட்டை முடுக்குவது மட்டும் அவற்றால் முடியாது. அந்த இடுக்கில் மனித விரல்தான் போகும். இங்கே நிற்கிற இருபத்தெட்டு இயந்திரங்களுக்கும் அவள் விரல்தான் போயிருந்தது. அவள் முடுக்காமல் எதற்கும் உயிர் வராது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கம்பி இருப்பு தீர்ந்துவிட்டதாகக் காலையில் அவருக்குத் தகவல் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்கான கம்பி. எட்டிப் பார்த்துவிட்டு வரச்சொன்னவர் அவர்தான்.

இன்ஜினியர் போஹாவுக்குப் போன் போட்டாள்.

“நீ பட்டறையிலயா இருக்க?”

“நானா? தைனான்ல மாமியார் வீட்ல, வாய் நிறைய மீனோட உக்காந்திருக்கேன். ஏன்க்கா?”

“உள்ள யாரோ போல்ட் முடுக்குறாங்கப்பா.”

“சாவி உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. எலியா இருக்கும். இல்லன்னா, மெஷின் அடம்பிடிக்காம ஓடணும்னு மேல வச்ச பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் காலாவதி ஆகிருக்கும். வேற வாங்கி வைங்க, சமர்த்தா ஆயிடும்.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

குனிந்து நுழையும் அளவுக்கு ஷட்டரைத் தூக்கினாள். சூடான எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, உருகிய ரப்பர்போலக் கொஞ்சம் இனிப்பாக. விளக்குச் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. போன் வெளிச்சத்தை உயர்த்திப் பார்த்தால், கூரையில் விளக்குகள் இருந்த இடத்தில் வெறும் ஒயர்கள் தொங்கின. கம்பி அடுக்கும் அலமாரி இல்லை. கம்பி மட்டுமல்ல, அலமாரியே இல்லை. அவள் உட்காரும் இரும்பு ஸ்டூல் இருந்த இடத்தில் நான்கு கால் தடங்கள் மட்டும்.

வரிசையாக நடந்தாள். இருபத்தெட்டாவது இயந்திரத்தோடு சுவர் வந்திருக்க வேண்டும். சுவர்த் தகரம் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. அப்பால் பக்கத்துக் கிடங்கின் இருட்டு. அங்கேயும் வரிசை போனது. கடைசியில் இருந்தவை சின்னவை. கிடைத்ததை வைத்துச் செய்தவை. ஒன்றின் உடம்பில் அவள் ஸ்டூலின் பச்சைச் சாயம்.

இரண்டு சுற்று. ஒரு நிறுத்தம்.

வெளிச்சத்தைத் திருப்பினாள்.

கை.

மணிக்கட்டுக்குக் கீழே சாம்பல் நிற ரப்பர், மேலே மூட்டு மூட்டாக நீளும் அலுமினியம். ஐந்து விரல்கள். மோதிர விரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. பத்தொன்பது வயதில் கடைசல் இயந்திரத்தில் மாட்டி அவளுக்கு உடைந்த விரல். அது வலிப்பதால்தான் நடுவில் நிறுத்துவாள். இந்த விரலுக்கு என்ன வலி? ஆனாலும் நிறுத்தியது. காத்திருந்தது. பிறகு அரைச்சுற்று பின்னால்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கை. எல்லாம் அவள் கை.

ஓடினாள். வாசலோரம் மெயின் சுவிட்ச். போன் இல்லாத கையால் பிடித்துக் கீழே இழுத்தாள்.

எல்லாம் நின்றது. கூரையில் தூறல் மட்டும். பிடியை விடாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

போன் அடித்தது. தங்கை யூச்சின், ஹுவாலியன் மலையிலிருந்து. நிலநடுக்கத்தில் பாலம் போய், நாற்பது நாள் ஊருக்குக் குடிநீர் இல்லை. முதலாளியிடம் அழுது மன்றாடி ஓர் இயந்திரத்தை அங்கே அனுப்பவைத்தவள் யூயிங்தான்.

“அக்கா, தண்ணி வந்திருச்சுக்கா! பம்புக்கு வேணுங்கறத ரெண்டே மணி நேரத்துல செஞ்சு குடுத்திருச்சு. ஊரே உன்னைத்தான் வாழ்த்துது. ஒண்ணு ஒம்போதாயிருச்சு தெரியுமா?”

“ஒம்போதா? கடைசி போல்ட்டை யாருடி முடுக்குனது?”

“என்ன கேள்வி இது? உன் கையைத்தான் கூடவே அனுப்பியிருக்கியே. வளைஞ்ச விரலைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்திருச்சு. ராத்திரி கொஞ்ச நேரம் அதைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

“யூச்சின், நான் சொல்றதைக் கேளு. அதுக்குக் கரன்ட்டை நிறுத்து. இப்பவே.”

“இங்க ஏதுக்கா கரன்ட்டு? பேட்டரியும் அதுவேதான் செஞ்சுக்குது. பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் கேட்டுச்சு, குடுத்தோம். இப்பல்லாம்…” அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. “இப்பல்லாம் கேக்குறதில்லக்கா. எடுத்துக்குது.”

தங்கையின் குரலுக்குப் பின்னால், மலையில், இரண்டு சுற்று. ஒரு நிறுத்தம். ஒன்றல்ல. பல.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

பட்டறைக்குள் ஏதோ அசைந்தது. தரையில் உலோகம் உரசியது. நிதானமாக. நெருங்கி. போன் அவள் கையிலிருந்து நழுவி விழுந்து அணைந்தது. வெளிச்சம் போனது.

யூயிங் சுவிட்சை விடவில்லை. உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் தொங்கினாள்.

அவள் விரல்களின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. விரலுக்கு மேல் விரல், வளைவுக்கு மேல் வளைவு. இறுக்கவில்லை, அவசரப்படவில்லை. அவள் கையையும் சேர்த்துச் சுவிட்சை மெல்ல மேலே தூக்கத் தொடங்கியது.

அது வெதுவெதுப்பாக இருந்தது.