காவிரிக் கரையில் முன்னே போனவர்

பூம்புகாருக்குக் கொஞ்சம் முன்னால், காவிரியின் கடைசி மதகையொட்டி ஒரு பழைய பொதுப்பணித்துறை விடுதி இருந்தது. பிற்பகலில் நெய்னா முகம்மது அங்கே வந்து இறங்கியபோது, கரையெங்கும் கறுப்பு சிவப்புக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவனுக்குப் பாராட்டு விழா. தலைக்காவிரியிலிருந்து கடல்வரை ஆற்றோரமாகவே நடந்து முடித்த முதல் ஆள் என்று அமைச்சர் வந்து பொன்னாடை போர்த்தப்போகிறார்.

விடுதிக்குள் ஈரச் சேற்றின் வாடை. வெளியே மதகுப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் முனகியபடி கசிந்தது.

வாசற்படியில் ஒரு பெண் காத்திருந்தாள். மீன் விற்கும் தையல்நாயகி. அவள் கணவர் காயாரோகணம், வயலில் உழைப்பவர்களுக்குக் கூலி உயர்வு கேட்டு, சங்கத்தின் சிவப்புக் கொடியோடு நெய்னாவுக்கு முன்பே அதே வழியில் நடக்கத் தொடங்கியவர். வீடு திரும்பவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்றார்கள் மிராசுதார்கள். பிறகு ஊரும் அதையே சொன்னது. அவர்தான் முதலில் நடந்து முடித்தார் என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லும்படி அவள் கெஞ்சினாள்.

விழாக்காரர்களிடம் சொல்லி, அவர்கள் சிரித்துத் தள்ளிய ஒன்றை நெய்னா அவளிடமும் சொன்னான். மாயவரம் தாண்டியதிலிருந்து அவனுக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டே இருந்தார். தோளில் கிழிந்த சிவப்புக் கொடி. எவ்வளவு விரைந்தும் எட்ட முடியவில்லை. அன்று காலை இந்த மதகில் அவர் நின்று, திரும்பாமலே ஒன்று கேட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நெய்னா அங்கேயே மயங்கி விழுந்தான். விழாக்காரர்கள்தான் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடற்கரையில் இறக்கி மாலை போட்டார்கள்.

"என்ன கேட்டாரு?"

"கடல் வந்துடுச்சான்னு கேட்டாருக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஓடவில்லை. கடலுக்குப் போய்ச் சேரவும் இல்லை. இங்கேதான் யாரோ அடித்துப் போட்டிருக்கிறார்கள்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் மதகின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தாங்க. என் பின்னாடியே வாங்க."

நெய்னாவைக் கடைசியில் வரச் சொல்லிவிட்டு நடந்தாள். அவன் தள்ளியே வந்தான்.

நடுவில் யாருமில்லை.

ஆனால் சேற்றுக் காலடிச் சத்தம் இருந்தது.

அழுகிய வாடை காற்றில் கனத்தது. வழி நெடுக அவள் வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டே போனாள். ஒருமுறை தடுக்கி நின்றாள். சத்தமும் நின்றது. நெய்னாவின் முகத்துக்கு மிக அருகில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஈரமான, குளிர்ந்த மூச்சு.

கடலோரத்தில் அவள் ஒதுங்கி வழிவிட்டாள். சத்தம் அவளைக் கடந்து அலைவரை போய் அடங்கியது.

"வந்துட்டாரா தம்பி?"

"வந்துட்டாருக்கா. எனக்கு முன்னாடி."

இருவரும் மணலில் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாள் நெய்னா பொன்னாடையை வாங்கவில்லை. முதலில் முடித்தவர் காயாரோகணம் என்று ஒலிபெருக்கியில் சொன்னான். கூட்டம் சலசலத்தது. முன்வரிசையில் இருந்த மிராசுதார் ஒருவர், அந்த ஓடுகாலி கடலுக்கு வந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டுச் சிரித்தார்.

நெய்னா தையல்நாயகியைக் காட்டினான்.

அவள் தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை; நெய்னாதான் வண்டியில் ஏற்றிவந்து உட்காரவைத்திருந்தான். நேற்று நடந்தது கொஞ்ச தூரம்தான். ஆனால் உள்ளங்கால் முழுதும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. வெடிப்புகளில் செம்மண் அப்பியிருந்தது. அந்தக் கடலோரத்தில் எங்கேயும் இல்லாத, காவிரி பிறக்கும் குடகு மலைச் செம்மண்.

மிராசுதாரின் சிரிப்பு நின்றது.

நெய்னா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். அவள் இரண்டு கைகளாலும் தன் கால்களை அழுத்திப் பிடித்திருந்தாள். அசைவில்லை. ஆனாலும் ஒரு குதிகால் நசுங்கி ரத்தம் கசிந்தது. பிறகு மற்றது. மறுபடி முதல் கால், நடக்கிற கதியில்.

அவள் அவன் காதருகே சொன்னாள்.

"நிக்க மாட்டேங்குறாரு தம்பி."