தேதி தவறாத மாதவிலக்கு

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி.

பரிசோதனை முடிவைப் பார்த்ததும் மகப்பேறு டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிரே வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த பெண்ணின் உடம்பில் இருக்க வேண்டிய ரத்தச் சத்தில் பாதிதான் இருந்தது. மீதியைத் திருட்டுக் கொடுத்திருந்தாள். திருடன் யார் என்றுதான் தெரியவில்லை.

அவள் பஸ் ஓட்டுநர். மாதவிலக்கு வந்தால் இருக்கையை விட்டு எழ முடியாத அளவுக்கு உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டி இல்லை, புற்று இல்லை, தைராய்டும் சரியாக இருந்தது. அதனால் டாக்டர் ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார். உடம்பில் ரத்தம் ஊறும்வரை மாதவிலக்கையே நிறுத்திவைக்கும் மாத்திரை அது; வேளைக்கு ஒன்றாக, இடைவெளி விடாமல் போட வேண்டும். மூன்று மாதமாகியும் பலன் இல்லை. இன்னொரு பெருக்கை உடம்பு தாங்காது என்று பெரிய மருத்துவமனை அறுவை நிபுணர் வெள்ளிக்கிழமையன்று கர்ப்பப்பையை எடுத்துவிட நாள் குறித்துவிட்டார். ஓட்டுநருக்கு இன்னும் குழந்தை இல்லை. அது வேண்டும் என்று அவள் கேட்காத நாளும் இல்லை.

டாக்டருக்குத் தோற்பது பிடிக்காது. நர்ஸ்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் 'துப்பு டாக்டர்' என்பார்கள். தெரிந்தும் தெரியாதவர் மாதிரி இருப்பார், உள்ளூரப் பெருமைதான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரையை இடையில விட்டீங்களா?"

"ஒரு வேளை கூட விடல டாக்டர்."

"இரும்புச் சத்து மாத்திரை?"

"அதுவும்தான்."

"மலம் கறுப்பாப் போகுதா?"

ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இரும்பு உள்ளே போனால் கறுப்பாகத்தான் போகும். ஆக, மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் பொய் சொல்கிற ஆளில்லை இவள்.

"இந்தத் தடவை எப்ப வந்துச்சு?"

"எப்பவும் வர்ற தேதிலதான். மூணு மாசமும் அப்படித்தான். என் பஸ் லேட்டானாலும் அது லேட்டாகாது."

அதற்குள் நர்ஸ் டீ கொண்டுவந்தாள். ஓட்டுநரின் கணவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். மனைவியின் கோப்பையில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே, ஆபரேஷன் செய்துவிடுங்கள், எனக்கு இவள் இருந்தால் போதும் என்றான். நர்ஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கூட வந்திருந்த அவனுடைய அம்மாவோ, பேரனோ பேத்தியோ பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரை நோய்க்காரர் என்பதால் கைப்பையிலிருந்து இனிப்பு மாத்திரை எடுத்துத் தன் டீயில் போட்டார்.

"முன்னெல்லாம் அம்மாவுக்கு ஒரு டப்பா வாங்கினா ரொம்ப நாள் வரும். இப்ப வாங்கின கையோட தீந்துபோகுது," என்று மகன் அலுத்துக்கொண்டான். அம்மா டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

டாக்டர் ஓட்டுநரிடம் திரும்பி மாத்திரை அட்டையைக் கேட்டார். அட்டை இல்லை. பஸ் ஓட்டும்போது ஒரு கையால் அட்டையைப் பிதுக்க முடியாது என்பதால், வாங்கியதுமே எல்லா மாத்திரையையும் பிதுக்கிச் சின்ன டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவாளாம். வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு, வேளை வந்ததும் ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவாளாம். அவள் நீட்டிய டப்பாவுக்குள் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள்.

டாக்டர் அதில் ஒன்றை எடுத்தார். சர்க்கரை போடாத தன் டீயில் டொப்பென்று போட்டார். அது நுரைத்துக் கரைந்தது. ஒரு வாய் குடித்தார். பாயசம் தோற்றது.

"திருடன் கிடைச்சாச்சு," என்றார்.

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"இந்த மாத்திரை போடறப்ப சிலருக்குச் சொட்டுச் சொட்டாக் கசியும். அது சகஜம். ஆனா பழைய தேதியில, பழைய வேகத்துல, மூணு மாசமும் வந்திருக்கு. மாத்திரை உள்ள போயிருந்தா உடம்புக்குத் தேதியே மறந்திருக்கணும். இதைத்தான் நானும் கவனிக்காம விட்டுட்டேன், பெரிய டாக்டரும் விட்டுட்டாரு. மருந்து தோத்துப்போகல. மருந்து இவங்க வாய்க்கே போகல. மூடின அட்டையிலிருந்து பிதுக்கினது இவங்கதான், அதனால கடைக்காரர் மேல தப்பில்ல. இவங்க வீட்டுக்காரர் மாத்தியிருந்தா இனிப்பு மாத்திரை சீக்கிரம் தீருதுன்னு என் முன்னாடியே புலம்ப மாட்டாரு." டாக்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

மாமியார் மெல்ல உண்மையைச் சொன்னார். ஹார்மோன் மாத்திரை கர்ப்பப்பையை வற்றவைத்துவிடும், அப்புறம் பிள்ளையே தங்காது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாளாம். மருமகளிடம் சொன்னால் கேட்க மாட்டாள் என்று, அசலை எடுத்துவிட்டு இதைப் போட்டு வைத்தாராம்.

ஓட்டுநர் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"மூணு மாசமா நான் ரத்தமாக் கொட்டினதைப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க, அத்தை?"

டாக்டருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கோபத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. அந்த மாத்திரை கர்ப்பப்பையை வற்றவைக்காது, நிறுத்தினால் மாதவிலக்கு திரும்ப வரும், பிள்ளையும் உண்டாகும் என்று மாமியாருக்கு ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். பிறகு அறுவை நிபுணருக்குப் போன் போட்டார்.

"சார், வெள்ளிக்கிழமை அந்த ஆபரேஷன் வேண்டாம். இந்தப் பொண்ணுக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கல."

அன்றே படுக்கையில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, அசல் மாத்திரையை நர்ஸ் கையாலேயே கொடுக்க வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் உதிரப்போக்கு நின்றது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் நடையில் அன்று ஒரு மிடுக்கு இருந்தது; நர்ஸ்கள் அவர் காதுபடவே 'துப்பு டாக்டர்' என்றார்கள். ரத்தம் ஊறியதும் மாத்திரையை நிறுத்தினார்கள். ஓட்டுநர் மறுபடி பஸ்ஸில் ஏறினாள். மாமியாரோடு மட்டும் அவள் பேசவில்லை.

மறுவருடம் ஒருநாள் காலை ஸ்கேன் அறையில் ஓட்டுநர் படுத்திருந்தாள். டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினார். இயந்திரத்திலிருந்து குதிரை ஓடுவதுபோல டக் டக்கென்று சத்தம் கேட்டது. கணவன் வாய்விட்டு அழுதுவிட்டான். மாமியார் உள்ளே வரத் துணிவில்லாமல், வாசலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

ஓட்டுநர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அத்தை, அங்க என்ன பண்றீங்க? உள்ள வந்து கேளுங்க."