இருபத்திமூன்று தொட்டிகள்

பொங்கலன்று மேலகரத்தில் எல்லார் வீட்டு அடுப்பிலும் சேப்பங்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஸ்ரீமதி வீட்டில் மட்டும் வேகவில்லை. அடுப்புக்கு முன்னால் அவள் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

“போட்டுராதீங்கப்பா! அதுல முஹ்ஸினா கிழங்கும் இருக்கு!”

அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மாவுக்குக் காவல் நிலையத்தில் பொங்கல் டூட்டி. அதனால் அன்று அப்பாதான் சமையல்.

முஹ்ஸினா, ஸ்ரீமதியின் வகுப்புத் தோழி. உம்மாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போகும்போது ஒரு தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் கலேடியம் செடி. பச்சை ஓரம் வைத்த ரோஸ் நிற இலைகள்.

“உம்மா வாங்கித் தந்ததுட்டி. இலை விழுந்தா பயந்துராத. கிழங்கு தூங்கும். எடுத்துக் காய வச்சிரு. மழைக்கு நட்டா முளைச்சிரும்.”

“நான் பாத்துக்கிடுதேன்” என்று ஸ்ரீமதி சத்தியம் செய்தாள்.

மார்கழியில் இலைகள் விழுந்தன. ஸ்ரீமதி கிழங்கை ஓலைப்பெட்டியில் வைத்தாள். பொங்கல் படையலுக்குச் சந்தையில் வாங்கிய சேப்பங்கிழங்கை அப்பா அதே பெட்டியில்தான் கொட்டியிருந்தார்!

ஸ்ரீமதி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் உருண்டை, எல்லாம் பழுப்பு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒண்ண வாயில வச்சுப் பாப்பமா?”

“தொண்டை அரிச்சு வீங்கிரும்ப்பா!”

அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

ஸ்ரீமதி கண்ணைத் துடைத்தாள். “எல்லாத்தையும் எடுத்து வைப்போம். மழை வந்ததும் நடுவோம். இலை வந்தா தெரிஞ்சிரும்லா?”

“இருபத்திமூணு இருக்கு. அவ்வளவு தொட்டிக்கு எங்கன போவ?”

“தெருவுல கேப்பேன்.”

மாலையில் அம்மா சாப்பிட உட்கார்ந்தார். “குழம்புல சேப்பங்கிழங்கைக் காணும்?”

“அது தூங்குது” என்றார் அப்பா.

சித்திரைக் கடைசியில் கோடை மழை பெய்தது. பெயின்ட் வாளி, ஓட்டைக் குடம், உடைந்த பக்கெட் எல்லாம் தொட்டியாயின. ஒரு மாதத்தில் முளை விட்டன. ஒன்று பச்சை. அடுத்ததும் பச்சை. இருபத்திரண்டும் பச்சை! கடைசித் தொட்டியில் வெறும் மண்தான்.

சாரல் தொடங்கிய அன்று முஹ்ஸினா வந்துவிட்டாள்.

“உம்மாவுக்குச் சரியாயிட்டுட்டி! எங்க நம்ம செடி?”

ஸ்ரீமதி எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே குரல் உடைந்தது. “அழுகிப்போச்சு போலட்டி. என்னாலதான்.”

முஹ்ஸினா வாளிகளையும் குடங்களையும் பார்த்தாள். “அந்த ஒண்ணுக்காகவா இவ்வளவும் நட்ட?” என்று ஸ்ரீமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியது.

இருவரும் அந்த வெறும் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாரல் மேல்மண்ணைக் கழுவியிருந்தது. அங்கே, அரிசி அளவில், ரோஸ் நிறத்தில் ஒரு முனை!

“ஏட்டி, முழிச்சிட்டு!” என்று இருவரும் கத்திய கத்தலில் அப்பா கரண்டியோடு ஓடிவந்தார்.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் தொட்டிக் கிழங்கே போதுமானதாக இருந்தது. அப்பா மட்டும் ஒவ்வொரு கிழங்கையும் தூக்கிக் காட்டி, “இதைப் போடலாமாட்டி?” என்று கேட்டுவிட்டுத்தான் பானையில் போட்டார்.